பாலியல் தொழிலாளர்களும் கருப்பை வாய்ப் புற்றுநோயும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்தின் உதவியோடு தொண்டு நிறுவனங்கள் நடத்தும் டி.ஐ. திட்டங்களில் (எச்.ஐ.வி. ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கான தடுப்புத் திட்டங்கள்) பெயர் பதிந்த பெண்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை எச்.ஐ.வி. பரிசோதனையும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை பால்வினை நோய்க்கான பரிசோதனையும் பழகிப்போனவை. கருப்பை வாய்ப் புற்றுநோயைப் பற்றி அவர்களோடு உட்கார்ந்து பேசுகிறவர்கள் குறைவு. இந்தியாவில் 2022-இல் மட்டும் ஏறத்தாழ 1,27,000 பெண்களுக்கு இந்தப் புற்றுநோய் புதிதாக வந்ததாகவும், ஏறத்தாழ 80,000 பேர் இறந்ததாகவும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை கணக்கிட்டிருக்கிறது. பெரும்பாலும் எச்.பி.வி. என்ற வைரஸால் வரும், புற்றாக மாறும் முன்பே கண்டுபிடித்துத் தடுத்துவிடக்கூடிய நோய் இது. அதனால்தான் இந்தக் கணக்கைப் படிக்கும்போது மனம் கொதிக்கிறது. தமிழ்நாட்டில் இத்தொழிலில் இருக்கும் பெண்களுக்காகவும், அவர்களோடு பணியாற்றும் களப்பணியாளர்கள், செவிலியர்களுக்காகவும் இந்தக் கேள்வி பதில்.

எச்.பி.வி. என்பதும் எச்.ஐ.வி. என்பதும் ஒன்றா?

இல்லை. பெயரின் ஒலிதான் ஒத்திருக்கிறது. எச்.ஐ.வி. உடலின் எதிர்ப்புச் சக்தியை அழிக்கும் கிருமி. எச்.பி.வி. தோலிலும் பிறப்புறுப்பின் ஈரமான உட்பரப்பிலும் வாழும் வைரஸ். அதில் 200-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. 6, 11 ஆகிய வகைகள் பிறப்புறுப்பில் மருக்களை உண்டாக்கும். அவை புற்றுநோயாக மாறுவதில்லை. புற்றுநோய் உண்டாக்கும் வகைகள் ஒரு டஜனுக்குச் சற்று மேல். அவற்றில் 16, 18 ஆகிய இரண்டு மட்டுமே கருப்பை வாய்ப் புற்றுநோய்களில் 70 சதவீதத்துக்கு மேல் காரணம். இந்தத் தொடர்பைக் கண்டுபிடித்ததற்காகவே ஜெர்மன் விஞ்ஞானி ஹாரால்ட் சூர் ஹௌசனுக்கு 2008-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

எச்.ஐ.வி.க்காக எடுக்கும் ரத்தத்தில் எச்.பி.வி. தெரியாது. அதற்குத் தனிப் பரிசோதனை வேண்டும்.

இந்தக் கிருமி தொற்றினால் புற்றுநோய் வந்தே தீருமா?

வராது. உடலுறவு கொள்ளும் ஆண், பெண் எல்லோரையும் வாழ்நாளில் ஒருமுறையாவது இந்தக் கிருமி தொட்டுவிட்டுப் போகிறது என்றே சொல்லலாம். பெரும்பாலான தொற்றுகளை 2 ஆண்டுகளுக்குள் உடலே விரட்டிவிடுகிறது. போகாமல் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடும் தொற்றுதான் சிக்கல். அது கருப்பை வாயின் அணுக்களை (செல்களை) மெல்ல மெல்ல மாற்றுகிறது. மாறத் தொடங்கிய அணுக்கள் புற்றாக முற்றுவதற்குப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். எதிர்ப்புச் சக்தி குறைந்த பெண்களுக்கு 5 முதல் 10 ஆண்டுகளிலேயே ஆகிவிடலாம். பரிசோதனைக்குக் கிடைக்கும் அவகாசம் இந்த ஆண்டுகள்தான்.

எங்களுக்கு மட்டும் ஆபத்து அதிகம் என்கிறார்களே, இந்தத் தொழில் செய்வதாலா?

தொழில் என்று ஒரு சொல்லில் அடைத்துவிட முடியாது. புதிய ஆண்களோடு உறவு கூடக்கூட, புதிய எச்.பி.வி. வகைகள் வந்து சேரும் வாய்ப்பு கூடுகிறது, அது உண்மை. அதோடு வேறு பலவும் சேர்கின்றன. சின்ன வயதிலேயே கல்யாணம், அடுத்தடுத்துப் பிரசவம், மற்ற பால்வினை நோய்கள், புகைப்பழக்கம், எச்.ஐ.வி. ஆகிய எல்லாமே இந்தப் புற்றுநோய்க்கான வாய்ப்பைக் கூட்டுபவை. இத்தொழிலுக்கு வருவதற்கு முன்பே, 16, 17 வயதில் கட்டிக்கொடுக்கப்பட்ட காலத்திலேயே, கணவனிடமிருந்து இந்தக் கிருமி வந்திருக்கவும் கூடும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து, பரிசோதனையே நடக்காமல் போவது. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 30 முதல் 49 வயதுப் பெண்களில் கருப்பை வாய்ப் பரிசோதனையை ஒருமுறையேனும் செய்துகொண்டவர்கள் இந்திய அளவில் 1.9 சதவீதம், தமிழ்நாட்டில் 9.8 சதவீதம். நாட்டிலேயே முன்னணியில் நிற்கும் மாநிலத்திலும் பத்தில் ஒருவர்கூட இல்லை. தொழிலை மறைத்து வாழும் பெண், மருத்துவமனை வரிசையில் நிற்கவே தயங்கும் பெண், அந்தப் பத்தில் ஒருவராக இருப்பது இன்னும் கடினம்.

எல்லா வாடிக்கையாளரிடமும் ஆணுறை பயன்படுத்துகிறேன். பிறகு என்ன பயம்?

நல்ல பழக்கம், விட்டுவிடாதீர்கள். எச்.ஐ.வி., சிபிலிஸ், கொனோரியா ஆகியவற்றிலிருந்து ஆணுறை தரும் பாதுகாப்புக்கு ஈடு இல்லை. எச்.பி.வி. விஷயத்தில் அதன் பாதுகாப்பு பாதிதான். தோலோடு தோல் உரசுவதால் பரவும் கிருமி இது. ஆணுறை மூடாத இடத்திலும் இருக்கும். ஆனாலும் தொடர்ந்து பயன்படுத்துகிறவர்களுக்குத் தொற்று குறைவாகவே வருகிறது. வந்த தொற்றும் விரைவாக மறைய அது உதவுகிறது.

இன்னொன்றும் உண்டு. வாடிக்கையாளரிடம் கண்டிப்பாக இருக்கும் பல பெண்கள், கணவரிடமோ நெடுநாள் துணையிடமோ ஆணுறையைப் பற்றிப் பேசவே முடியாது. பேசினால் சந்தேகம் வரும், சண்டை வரும். அந்த உறவிலிருந்தும் எச்.பி.வி. வரும். ஆகவே ஆணுறை இருக்கிறது என்பதற்காகப் பரிசோதனையைத் தள்ளிப்போட முடியாது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை உள்பரிசோதனை செய்கிறார்களே. ஏதாவது இருந்தால் அதிலேயே தெரிந்திருக்காதா?

இந்தக் கேள்விக்கு நான் நிறுத்தி நிதானமாகப் பதில் சொல்ல விரும்புகிறேன். பல பெண்கள் இப்படி நம்பிக்கொண்டுதான் நிம்மதியாக இருக்கிறார்கள்.

டி.ஐ. திட்டத்தின் மருத்துவப் பரிசோதனையில் பார்ப்பது புண், சீழ், வெள்ளைப்படுதல், அடிவயிற்று வலி போன்ற பால்வினை நோய்க் குறிகளை. எச்.பி.வி.யால் அணுக்களில் ஏற்படும் தொடக்க மாற்றம் வெறும் கண்ணுக்குத் தெரியாது. அதைப் பார்க்க அமிலம் தடவ வேண்டும், அல்லது அணுக்களைச் சுரண்டி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். அதைத் தனியாகச் செய்யாதவரை, எத்தனை உள்பரிசோதனை நடந்திருந்தாலும் கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை நடந்ததாகாது.

இதில் என்னை வருத்துவது ஒன்று உண்டு. அந்தப் பெண் மேசையில் படுத்தாயிற்று, உள்ளே விரித்துப் பார்க்கும் கருவியான ஸ்பெகுலம் வைத்தாயிற்று, விளக்கும் எரிகிறது. நீர்த்த அசெட்டிக் அமிலத்தில் நனைத்த ஒரு பஞ்சும், ஒரு நிமிடப் பொறுமையும், பயிற்சி பெற்ற கண்ணும் மட்டுமே பாக்கி. 1986-இல் மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் சென்னையில் பாலியல் தொழிலாளர்களின் ரத்த மாதிரிகளில் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தார்கள். அன்று தொடங்கி இந்தப் பெண்களைத் தேடி வந்த திட்டங்கள் பெரும்பாலும் அவர்களிடமிருந்து மற்றவர்களுக்கு நோய் பரவாமல் தடுப்பதையே முதல் நோக்கமாகக் கொண்டவை. அவற்றால் பல்லாயிரம் உயிர்கள் பிழைத்தன, மறுக்கவில்லை. கருப்பை வாய்ப் பரிசோதனை அந்தப் பெண்ணின் உயிருக்காக மட்டுமே செய்யப்படுவது. அதைக் கேட்டு வாங்க அவருக்கு முழு உரிமை இருக்கிறது. அடுத்தமுறை உள்பரிசோதனைக்குப் போகும்போது, "கருப்பை வாய்க்கு அமிலம் தடவிப் பார்ப்பீர்களா? இங்கே இல்லையென்றால் எங்கே எழுதித் தருவீர்கள்?" என்று கேளுங்கள்.

எந்த வயதில் பரிசோதனையைத் தொடங்க வேண்டும்?

எச்.ஐ.வி. இல்லாதவர்களுக்கு 30 வயதில். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு 25 வயதில். இது உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட வழிகாட்டுதல். இந்திய அரசின் 2016-ஆம் ஆண்டுத் திட்டமும் 30 முதல் 65 வயது வரை, 5 ஆண்டுக்கு ஒருமுறை என்கிறது.

"இத்தொழிலில் இருப்பவர்கள் 20 வயதிலேயே செய்துகொள்ள வேண்டாமா?" என்று சில களப்பணியாளர்கள் கேட்கிறார்கள். அக்கறையில் கேட்பதுதான், ஆனால் தேவையில்லை. இளம்வயதில் தொற்று மிக அதிகம். தானாகப் போவதும் மிக அதிகம். 21 வயதுப் பெண்ணுக்கு எச்.பி.வி. பரிசோதனை செய்தால், பெரும்பாலும் தானே மறையப்போகிற ஒன்றுக்காக அவரைப் பயமுறுத்தி, வேண்டாத சிகிச்சை கொடுத்ததாகவே முடியும். அந்த வயதில் எச்.ஐ.வி. பரிசோதனையும் தடுப்பூசியும்தான் முக்கியம். அறிகுறி இருந்தால் மட்டும் வயது பார்க்காமல் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

என்னென்ன பரிசோதனைகள் இருக்கின்றன? எது நல்லது?

மூன்று வழிகள் நடைமுறையில் இருக்கின்றன.

முதலாவது வயா. கருப்பை வாயில் 3 முதல் 5 சதவீத அசெட்டிக் அமிலம் தடவி, வெள்ளையாக மாறுகிறதா என்று பார்ப்பது. செலவு குறைவு, முடிவு அங்கேயே தெரிந்துவிடும், செவிலியரே செய்யலாம். இது வேலை செய்யும் என்று உலகத்துக்குக் காட்டிய ஆய்வுகளில் ஒன்று நம் திண்டுக்கல் மாவட்டத்தில்தான் நடந்தது. 2000-இல் தொடங்கிய அந்த ஆய்வில், 30 முதல் 59 வயதுள்ள கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி பெற்ற செவிலியர்கள் ஒரே ஒருமுறை வயா செய்தார்கள். பரிசோதனை நடந்த பகுதிகளில் புற்றுநோய் 25 சதவீதமும், அதனால் ஏற்படும் மரணம் 35 சதவீதமும் குறைந்தன. முடிவுகள் 2007-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தன. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் 30 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இன்று இலவசமாகச் செய்யப்படுவது பெரும்பாலும் இதுதான்.

வயாவுக்குக் குறைகளும் உண்டு. மாதவிடாய் நின்ற பிறகு, பார்க்க வேண்டிய பகுதி உள்ளே இழுத்துக்கொண்டுவிடும், கண்ணில் படாது. கருப்பை வாயில் அழற்சி இருந்தால் அதுவும் வெள்ளையாகத் தெரிந்து குழப்பும். அடிக்கடி பால்வினைத் தொற்று வரும் பெண்களுக்கு இந்தக் குழப்பம் கூடுதல். அவர்களுக்கு முதலில் தொற்றைக் குணப்படுத்திவிட்டு மீண்டும் வரச் சொல்வார்கள். தயவுசெய்து மீண்டும் போங்கள்.

இரண்டாவது பாப் ஸ்மியர். அணுக்களைச் சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது. நல்ல ஆய்வகம் வேண்டும். முடிவுக்காக மறுபடி வர வேண்டும்.

மூன்றாவது எச்.பி.வி. டி.என்.ஏ. பரிசோதனை. கிருமியையே நேரடியாகத் தேடுவது. மூன்றில் நுட்பமானது இதுதான். உலக சுகாதார நிறுவனம் முதலில் பரிந்துரைப்பதும் இதையே. மகாராஷ்டிராவின் உஸ்மானாபாத் (இப்போது தாராசிவ்) மாவட்டத்தில் ஏறத்தாழ 1,30,000 பெண்களிடம் நடந்த ஆய்வு 2009-இல் வெளியானது. ஒரே ஒரு எச்.பி.வி. பரிசோதனை, கருப்பை வாய்ப் புற்றுநோய் மரணத்தைப் பாதியாகக் குறைத்ததாக அது காட்டியது. விலைதான் தடை.

எது நல்லது என்று கேட்டால், உங்கள் ஊரில் இன்றைக்குக் கிடைப்பது எதுவோ அது.

வயா எப்படிச் செய்வார்கள்? வலிக்குமா?

இடுப்புக்குக் கீழே உள்ள உடையைத் தளர்த்திவிட்டு, முழங்கால்களை மடக்கிப் படுக்க வேண்டும். செவிலியர் ஸ்பெகுலத்தை மெதுவாக உள்ளே வைத்து விரிப்பார். சில்லென்றும், கொஞ்சம் அழுத்தமாகவும் இருக்கும். மூச்சை இழுத்து மெல்ல விட்டால் தசை தளரும். பிறகு கருப்பை வாயை விளக்கொளியில் பார்ப்பார். இளஞ்சிவப்பாக, நடுவில் சிறு துளையோடு இருக்கும். அதன்மேல் அமிலப் பஞ்சை வைத்து, எடுத்து, ஒரு நிமிடம் காத்திருப்பார். லேசான எரிச்சல் தோன்றலாம். துளையை ஒட்டிய பகுதியில் விளிம்பு தெளிவான வெள்ளைத் திட்டு எழுந்தால் 'பாசிட்டிவ்' என்று குறிப்பார், எழாவிட்டால் 'நெகட்டிவ்'. எல்லாம் சேர்த்து ஐந்து, பத்து நிமிட வேலை.

வலித்தால் "நிறுத்துங்கள்" என்று சொல்லலாம். சொன்னால் நிறுத்த வேண்டும். பெண் செவிலியர் வேண்டும் என்று கேட்கலாம். உடன் வந்த தோழியை அருகில் நிற்க வைக்கச் சொல்லியும் கேட்கலாம். வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு இந்த மேசையில் படுப்பதே பழைய நினைவுகளைக் கிளறும். செவிலியர்கள் இதை மனத்தில் வைத்து, ஒவ்வொன்றையும் செய்வதற்கு முன் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும்.

மேசையில் படுக்காமல் செய்ய வழியே இல்லையா?

இருக்கிறது. எச்.பி.வி. டி.என்.ஏ. பரிசோதனைக்கான மாதிரியைப் பெண்ணே எடுத்துக்கொள்ளலாம். மென்மையான சிறு தூரிகையைப் பெண்ணுறுப்புக்குள் செலுத்தி, சில முறை சுழற்றி, குப்பியில் போட்டுக் கொடுத்தால் போதும். உலக சுகாதார நிறுவனம் இதை ஏற்றுக்கொண்டிருக்கிறது. மருத்துவர் எடுக்கும் மாதிரிக்கு ஏறத்தாழ இணையான முடிவு கிடைக்கிறது. என் கருத்தில், பாலியல் தொழிலாளர்களுக்கு இதைவிடப் பொருத்தமான முறை இல்லை. காலை நேரப் புறநோயாளிப் பிரிவு, பிள்ளைகள் பள்ளிக்கும் கணவர் வேலைக்கும் போன பகல் வேளையில் வீட்டிலிருந்தபடி தொழில் செய்யும் பெண்ணுக்குத் தோதுப்படாது. தூரிகையை ஒரு களப்பணியாளர் கையில் கொடுத்தனுப்பலாம்.

பரிசோதனைக்கு முன் என்ன செய்யக்கூடாது?

மாதவிடாய் நாட்களில் போக வேண்டாம். இரண்டு நாளைக்கு முன்பிருந்தே உள்ளே மருந்தோ களிம்போ வைக்காதீர்கள். முடிந்தால் அந்த இரண்டு நாளும் உறவைத் தவிர்ப்பது நல்லது. முடியவில்லையா? பரவாயில்லை, ஆணுறையோடு இருந்துவிட்டு வாருங்கள், செவிலியரிடம் சொல்லிவிடுங்கள். அதற்காகப் பரிசோதனையையே விட்டுவிட வேண்டாம்.

வேலை முடிந்ததும் சோப்பு, கிருமிநாசினி போட்டு உள்ளே கழுவும் பழக்கத்தைப் பரிசோதனைக்காக மட்டுமின்றி எப்போதைக்குமே கைவிடுங்கள். அது உள்ளே இருக்கும் நல்ல பாக்டீரியாவைக் கொன்று, தோலையும் புண்ணாக்கி, கிருமிக்குக் கதவைத் திறந்துவிடுகிறது. வெளியே தண்ணீரால் கழுவினால் போதும். மாதவிடாயின்போது வேலையை நிறுத்த முடியாமல் உள்ளே பஞ்சு வைத்துக்கொள்பவர்கள், அதை மறக்காமல் எடுத்துவிட வேண்டும்.

நான் செய்யும் தொழிலைச் சொல்ல வேண்டுமா? வீட்டுக்குத் தெரிந்துவிடுமா?

ஆரம்ப சுகாதார நிலையத்தில் 30 வயதுக்கு மேற்பட்ட எந்தப் பெண்ணும் இந்தப் பரிசோதனையைக் கேட்கலாம். தொழிலைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. பரிசோதனை முடிவைப் பார்த்தும் யாராலும் தொழிலைக் கண்டுபிடிக்க முடியாது. ஒரே ஒரு ஆணோடு வாழ்ந்த பெண்ணுக்கும் எச்.பி.வி. வரும்.

வீட்டுக்குத் தெரிவது பெரும்பாலும் கைபேசி வழியாகத்தான். பதிவேட்டில் நீங்கள் கொடுத்த எண்ணை வீட்டில் மகனோ கணவரோ வைத்திருந்தால், "உங்கள் பரிசோதனை முடிவு வந்துவிட்டது" என்ற அழைப்பை அவர்தான் எடுப்பார். ஆகவே எந்த எண்ணைக் கொடுக்கிறீர்கள் என்று யோசித்துக் கொடுங்கள். நம்பிக்கையான தோழி அல்லது களப்பணியாளரின் எண்ணை அவர் ஒப்புதலோடு கொடுக்கலாம், அல்லது "நானே நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன்" என்று எழுதச் சொல்லலாம். வயா என்றால் இந்தக் கவலையே இல்லை; முடிவோடுதான் எழுந்து வருவீர்கள்.

எச்.ஐ.வி. நிலையை உங்கள் ஒப்புதல் இல்லாமல் வெளியிடுவது 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டப்படி தவறு.

'பாசிட்டிவ்' என்று சொல்லிவிட்டார்கள். எனக்குப் புற்றுநோயா?

பெரும்பாலும் இல்லை. எச்.பி.வி. பாசிட்டிவ் என்றால் கிருமி இருக்கிறது என்று பொருள். வயா பாசிட்டிவ் என்றால் அணுக்கள் மாறியிருக்கலாம், பார்க்க வேண்டும் என்று பொருள். அடுத்த கட்டமாகக் கால்போஸ்கோபி என்ற பெரிதாக்கும் கருவியால் கருப்பை வாயைப் பார்ப்பார்கள். தேவைப்பட்டால் சிறு துணுக்கை எடுத்துச் சோதிப்பார்கள். இது தாலுகா, மாவட்ட மருத்துவமனை அல்லது மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நடக்கும்.

பெண்கள் காணாமல் போவது இந்த இடைவெளியில்தான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சீட்டு எழுதித் தருவார்கள். ஊர் விட்டு ஊர் போக வேண்டும். ஒரு நாள் வருமானம் போகும். பெரிய மருத்துவமனையில் யாரைக் கேட்பது என்று தெரியாது. சீட்டு கைப்பையிலேயே மடிந்து கிடக்கும். அங்கே கூடப் போக ஒருவர் இருந்தால் இது மாறும். களப்பணியாளர்கள் ஒரே ஒரு வேலைக்குத்தான் நேரம் ஒதுக்க முடியும் என்றால், அது இந்தத் துணைதான் என்பேன்.

பாலியல் தொழிலாளர்களிடம் எச்.பி.வி. பாசிட்டிவ் அதிகம் வரும் என்பதை முன்கூட்டியே எதிர்பார்க்க வேண்டும். வந்தவர்கள் எல்லோருக்கும் சிகிச்சை வேண்டும் என்பதில்லை. வகை 16 அல்லது 18-ஆ, வயாவில் வெள்ளை தெரிகிறதா என்று சலித்துப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

சிகிச்சை செய்தால் நான்கு வாரம் உறவு கூடாது என்கிறார்கள். ஒரு மாதம் நான் எப்படிச் சாப்பிடுவது?

மருத்துவர்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகும் இந்த அறிவுரை இத்தொழிலில் இருப்பவருக்கு ஒரு மாத வாடகை, பள்ளிக் கட்டணம், வட்டிக்காரரின் தவணை. அதனால்தான் சிலர் சிகிச்சைக்கே வருவதில்லை.

முதலில் காரணத்தைச் சொல்கிறேன். மாறிய அணுக்களை உறைய வைத்து அழிப்பது கிரையோதெரபி; சூட்டால் அழிப்பது தெர்மல் அப்லேஷன். இரண்டும் சில நிமிடங்களில் முடிபவை, மயக்க மருந்து இல்லாமலேயே செய்யலாம். அதன்பின் கருப்பை வாயில் ஆறாத புண் இருக்கும்; நீர்போன்ற கசிவு சில வாரங்கள் வரும். அந்தப் புண் வழியே எச்.ஐ.வி. உள்ளே வருவது எளிது. ஏற்கெனவே எச்.ஐ.வி. இருந்தால், அது மற்றவருக்குப் போவதும் அப்போது எளிது. ரத்தப்போக்கும் ஏற்படலாம்.

இனி வழிகள். சிகிச்சை நாளை உங்களால் தேர்ந்தெடுக்க முடியும். தொடக்க நிலை மாற்றம் சில வாரத்தில் புற்றாகிவிடாது; திருவிழாவோ வேறு காரணமோ வருமானம் குறையும் மாதத்தைத் தேர்ந்தெடுத்து, தேதி குறித்து, அந்தத் தேதியைத் தவறவிடாமல் இருங்கள். சுய உதவிக் குழுவிலோ சங்கத்திலோ இருந்தால், இந்த ஒரு மாதத்துக்கென்று சிறுகடன் கேளுங்கள். சங்கம் நடத்துபவர்கள் இதற்கென்றே ஒரு நிதியை ஒதுக்கினால், எத்தனையோ விழிப்புணர்வு முகாம்களைவிட அது அதிக உயிரைக் காக்கும். உள்நுழையாத வழிகளிலேயே வாடிக்கையாளரைச் சமாளிக்க முடிந்தால், இந்த நாட்களில் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எதுவுமே முடியாத நிலை வந்தால், ஒவ்வொரு முறையும் தவறாமல் ஆணுறை. உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரையும் இதுதான். உள்ளே பஞ்சு, துணி எதையும் வைக்க வேண்டாம், நாப்கின் போதும். காய்ச்சல், நாற்றமுள்ள கசிவு, அதிக ரத்தப்போக்கு வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

ஓர் ஆண்டு கழித்து மறுபரிசோதனை கட்டாயம்.

எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது, அதைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மாத்திரை சாப்பிடுகிறேன். எனக்கும் பரிசோதனை வேண்டுமா?

எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ 6 மடங்கு. மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் அந்த வாய்ப்பு குறையும். ஆனாலும் பரிசோதனை வேண்டும். எச்.பி.வி. பரிசோதனை என்றால் 3 முதல் 5 ஆண்டுக்கு ஒருமுறை. வயா அல்லது பாப் என்றால் 3 ஆண்டுக்கு ஒருமுறை. மாத்திரை வாங்க ஏ.ஆர்.டி. மையத்துக்குப் போகும் நாளிலேயே, அதே மருத்துவமனையின் மகப்பேறு மற்றும் மகளிர் நோய்ப் பிரிவில் இதையும் முடித்துக்கொள்ளலாம். ஒரே பஸ் கட்டணம்.

தடுப்பூசி எனக்குப் பயன்படுமா? என் மகளுக்கு?

மகளுக்குக் கண்டிப்பாகப் போடுங்கள். 9 முதல் 14 வயதுக்குள், கிருமியைச் சந்திக்கும் முன்பு போட்டால் பலன் முழுமையாகக் கிடைக்கும். சீரம் நிறுவனம் தயாரிக்கும் செர்வாவாக் என்ற இந்தியத் தடுப்பூசி 6, 11, 16, 18 ஆகிய நான்கு வகைகளைத் தடுக்கிறது. 14 வயதுச் சிறுமிகளுக்குப் படிப்படியாக எச்.பி.வி. தடுப்பூசி போடத் தமிழ்நாடு அரசு 2025 மார்ச் மாத நிதிநிலை அறிக்கையில் 36 கோடி ரூபாய் ஒதுக்குவதாக அறிவித்தது. உங்கள் பகுதி சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

உங்களுக்கு 26 வயதுக்குள் என்றால் நீங்களும் போட்டுக்கொள்ளலாம். தடுப்பூசி ஏற்கெனவே வந்த தொற்றைப் போக்காது; இனி வரக்கூடிய வகைகளைத் தடுக்கும். வயது கூடக்கூடப் பலன் குறையும். செலவு செய்ய யோசிக்கும் 35 வயதுப் பெண்ணுக்கு நான் சொல்வது, முதலில் பரிசோதனை. தடுப்பூசி போட்டவர்களும் 30 வயதானால் பரிசோதனைக்கு வர வேண்டும்.

குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துவிட்டேன். எனக்கு வருமா?

வரும். அந்த ஆபரேஷனில் குழாயைத்தான் கட்டுகிறார்கள். கருப்பை வாய் அப்படியே இருக்கிறது. கருப்பையை வாயோடு சேர்த்து முழுமையாக எடுத்தவர்களுக்கு மட்டும் பொதுவாகத் தேவையில்லை. என்ன காரணத்துக்காக எடுத்தார்கள் என்ற மருத்துவச் சீட்டைக் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்த அறிகுறி வந்தால் காத்திருக்கக் கூடாது?

உறவுக்குப் பின் ரத்தம் கசிவது. மாதவிடாய்க்கு இடையில் ரத்தம். மாதவிடாய் நின்றபின் ரத்தம் ஒரு சொட்டாக இருந்தாலும். நாற்றத்தோடு, ரத்தம் கலந்து வெள்ளைப்படுவது. உறவுக்குப் பின் கசியும் ரத்தத்தை "அன்றைக்கு ஆள் முரடன்" என்று சொல்லிக் கடந்துவிடும் பழக்கம் இத்தொழிலில் இருப்பவர்களிடம் உண்டு. ஒருமுறை அப்படி இருக்கலாம். மறுபடியும் வந்தால் ஆள் காரணமில்லை. வெள்ளைப்படுதலுக்கு மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி வாங்கிச் சாப்பிட்டு மாதங்களைக் கடத்தவும் வேண்டாம்.

புற்றுநோய் என்று உறுதியானால்?

தொடக்க நிலையில் வந்தவர்களில் பெரும்பாலோர் அறுவை சிகிச்சையாலோ கதிர்வீச்சாலோ குணமடைகிறார்கள். கதிர்வீச்சு, மருந்துச் சிகிச்சை இரண்டும் அரசு மருத்துவமனைகளில் இலவசம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் புற்றுநோய் சிகிச்சை உண்டு. காஞ்சிபுரம் காரப்பேட்டையில் உள்ள அரசு புற்றுநோய் மருத்துவமனைக்கும், 1954-இல் தொடங்கப்பட்ட அடையாறு புற்றுநோய் நிறுவனத்துக்கும் தமிழ்நாடு முழுவதிலிருந்தும் நோயாளிகள் போகிறார்கள்.

ஆதார் இல்லை, காப்பீட்டு அட்டையும் இல்லை. மரியாதையாக நடத்துவார்களா என்றும் தெரியவில்லை.

பாலியல் தொழிலாளர்கள் அரசியல் சட்டம் தரும் கண்ணியத்துக்கு உரியவர்கள் என்று 2022 மே 19-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. முகவரிச் சான்று இல்லாவிட்டாலும், எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் அதிகாரி தரும் சான்றிதழைக் கொண்டு ஆதார் வழங்க வேண்டும் என்பதும், அதில் தொழில் தெரியும்படி எந்தக் குறியீடும் இருக்கக் கூடாது என்பதும் அந்த உத்தரவில் அடங்கும். உங்கள் டி.ஐ. திட்ட மேலாளரிடம் இதைக் கேளுங்கள். சிகிச்சை தேவைப்படும் நாள்வரை காத்திருக்க வேண்டாம்.

மருத்துவமனையில் யாராவது இழிவாகப் பேசினால், அவர் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு மருத்துவக் கண்காணிப்பாளரிடம் புகார் எழுதுங்கள். எழுத முடியாவிட்டால் எழுதித் தரும் ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். ஆனால் பரிசோதனையைப் பாதியில் விட்டுவிட்டுத் திரும்பிவிடாதீர்கள்.

தொழிலை விட்டுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. எனக்கு இனி எதற்கு?

உங்களுக்குத்தான் மிகவும் வேண்டும். 28 வயதில் வந்து தங்கிய தொற்று புற்றாக வெளிப்படுவது 50 வயதை ஒட்டித்தான். அப்போது நீங்கள் இத்தொழிலில் இருக்க மாட்டீர்கள். வீட்டு வேலைக்கோ, இட்லிக் கடைக்கோ, பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளவோ போயிருப்பீர்கள். டி.ஐ. திட்டத்தின் பட்டியலிலிருந்தும் உங்கள் பெயர் நீங்கியிருக்கும், ஏனென்றால் அந்தப் பட்டியல் தொழிலில் இருப்பவர்களுக்கானது. ஆகவே நீங்களாகவே போக வேண்டும். 65 வயது வரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம். மாதவிடாய் நின்றவர் என்றால் அதை முதலிலேயே சொல்லி, வயாவுக்குப் பதில் பாப் அல்லது எச்.பி.வி. பரிசோதனைக்கு எழுதித் தரச் சொல்லுங்கள்.

களப்பணியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். பட்டியலிலிருந்து 40 வயதுக்கு மேற்பட்ட ஒருவரின் பெயரை நீக்கும் முன், அவருக்கு ஒருமுறையாவது கருப்பை வாய்ப் பரிசோதனை நடந்திருக்கிறதா என்று பார்த்து, நடக்கவில்லையென்றால் அந்த வாரமே அவரை அழைத்துப்போய்ச் செய்துவிட்டு, முடிவைக் கையில் கொடுத்துவிட்டு, பிறகு நீக்குங்கள்.